ஆச்சிமார் தெருவுக்கு வந்து பாடினால்

கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவர் தீவின் தென்முனையில் விக்டோரியா என்று ஒரு நகரம் இருக்கிறது. குளிர் குறைவு, பூந்தோட்டங்கள் அதிகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் போய்க் குடியேற ஆசைப்படும் ஊர். 1980களில் அந்த ஊரைச் சுற்றியுள்ள கடலுக்குள் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல்களும் அணுசக்தி நீர்மூழ்கிகளும் வந்துபோய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் விபத்து நடந்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று கேட்ட சில சமாதான ஆர்வலர்கள், வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு தெருவில் தேங்கிய தண்ணீரைச் சோதித்து நாடகம் காட்டினார்கள். அந்த வட்டத்தில் இருந்த பெண்கள் சிலருக்கு இது போதவில்லை. 52 வயதிலிருந்து 67 வயது வரையானவர்கள். வேலை பார்த்து, பிள்ளை வளர்த்து, உலகத்தைக் கண்டவர்கள். சமாதான அமைப்புகளுக்குள்ளேயும் வயது போன பெண் என்றால் கோப்பி போடத்தான் சரி என்ற நினைப்பு இருப்பதைப் பார்த்துச் சலித்தவர்கள். 1986–87 குளிர்காலத்தில் அவர்கள் கூடிப் பேசித் தங்களுக்கென்று ஒரு வழியைப் பிடித்தார்கள். அந்த வழி பாட்டு.

1987 பெப்ரவரி 14, காதலர் தினம். அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்தான் அப்போது நாட்டின் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்றக் குழுவின் தலைவர். உடைந்த இதயம் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனார்கள். அணு ஆயுதக் குடை நம்மைக் காப்பாற்றும் என்று அரசியல்வாதிகள் பேசிய காலம் அது. ஆகவே ஓட்டை விழுந்த குடையொன்றை விரித்துப் பிடித்து, அதன் கீழே நின்று பாடினார்கள். தங்களுக்கு ரேஜிங் கிரானீஸ் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். கோபம் கொண்ட பாட்டிமார்.

அவர்கள் தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. கனடாவின் பல நகரங்களுக்கும் பரவி, எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும் போனது. தலைமையகம் கிடையாது, தலைவி கிடையாது. ஒவ்வோர் ஊர்க் குழுவும் தன் பாட்டைத் தானே எழுதும், தன் சண்டையைத் தானே தேர்ந்தெடுக்கும். ஓர் ஊர் எழுதிய பாட்டை இன்னோர் ஊர் எடுத்து வரிகளை மாற்றிப் பாடலாம், யாரும் கோபிப்பதில்லை. பெரிய தொப்பி, அதில் பூக்கள், தோளில் சால்வை, இடுப்பில் சமையல் ஏப்ரன். பாட்டி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று ஊர் நினைக்கும் உருவத்தையே கொஞ்சம் தூக்கலாக உடுத்திக்கொண்டு, அந்த உருவத்தின் வாயிலிருந்து யாரும் எதிர்பார்க்காத விஷயங்களைச் சொல்வார்கள்.

பகிடியாகத் தொடங்கினாலும் காரியம் விளையாட்டில்லை. 1993 கோடையில் வன்கூவர் தீவின் கிளேகுவட் சவுண்ட் மழைக்காட்டை வெட்டவிடாமல் மக்கள் வீதியை மறித்தபோது 800 பேருக்கு மேல் கைதானார்கள். அந்த மறியலில் பாட்டிமாரும் நின்றார்கள். 2005 ஜூலையில் அமெரிக்காவின் ரூசன் நகரத்தில் ஐந்து பாட்டிமார் இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்குள் போய், "எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஈராக்கில் இருக்கிற எங்கள் பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டார்கள். அத்துமீறி நுழைந்ததாக அவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள், பிறகு அதைக் கைவிட்டார்கள். அதே வருடம் ஒக்ரோபரில் நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்தில் அதே கோரிக்கையோடு போன 18 பெண்கள் கைதானார்கள். அவர்களில் தொண்ணூறு வயதானவரும் இருந்தார். அலுவலக வாசலால் மற்றவர்கள் போக முடியாதபடி அவர்கள் மறிக்கவில்லை என்று சொல்லி, 2006 ஏப்ரலில் நீதிபதி எல்லாரையும் விடுவித்தார். 2015 ஜூனில் சியாட்டில் துறைமுகத்தில், ஆர்க்டிக் கடலில் எண்ணெய் தோண்டப் புறப்படவிருந்த ஷெல் நிறுவனத்தின் மேடைக்கு எதிராக, பாட்டிமார் ஆடுநாற்காலிகளைக் கொண்டுவந்து பாதையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொலிஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

இவர்களைப் பற்றிக் கதைக்கிறவர்கள் தொப்பியைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மெட்டு. எல்லாருக்கும் தெரிந்த பழைய மெட்டுகளைத்தான் அவர்கள் எடுக்கிறார்கள், சொற்களை மட்டும் மாற்றுகிறார்கள். எவ்வளவு கெட்டித்தனமான வேலை என்பது ஒருமுறை தெருவில் நின்று பாடிப் பார்த்தால்தான் விளங்கும். கோஷம் போட்டால் சில நிமிடத்தில் தொண்டை வறண்டுவிடும், கேட்பவர்களும் காதை மூடிக்கொண்டு விலகிப்போவார்கள். தெரிந்த மெட்டென்றால் தெருவில் போகிறவரின் காது தானாகவே அதோடு சேர்ந்து போகும். அடுத்த சொல் எது என்று அவர் மனது முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் வேறு சொல் வந்து விழும்போது நின்று பார்ப்பார், சிரிப்பார். சிரித்துவிட்ட மனிதருக்குப் பிறகு பாடுகிறவர்களைத் திட்டுவது கடினம். பாடுகிறவர்களுக்கும் புதிதாகப் படிக்கவேண்டியது நாலே நாலு வரி. நன்றாகப் பாடத் தெரியவேண்டும் என்ற நிபந்தனையே இல்லை.

ஆகவே இப்படியொரு குழு தொடங்க நினைக்கும் பெண்களுக்கு நான் சொல்வது: நல்ல குரலைத் தேடி அலையாதீர்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஓர் அநியாயத்தையும், கூடியிருக்கிற எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டையும் பிடியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 80களின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்தவள். பெண்கள், அதுவும் தாய்மார், கூட்டமாகத் தெருவில் இறங்குவது எனக்குப் புதிய காட்சி இல்லை. 1984இல் கைதான இளைஞர்களை விடச் சொல்லி யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, போன காலத்தில் நான் இருபதுகளில் இருந்தேன். அந்த அம்மாமார் யாரும் அரசியல் படித்தவர்கள் இல்லை. அடுப்படியிலிருந்து சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தவர்கள். அதிகாரி முன்னால் போய் நிற்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே தகுதி, தாய் என்பது. அந்தத் தகுதிக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை அப்போதே கண்டுவிட்டேன். ஆனால் அது அழுகையின் பலம். சிரிப்புக்கும் அதே பலம் உண்டு என்று காட்டியவர்கள் விக்டோரியாப் பாட்டிமார்.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வயது போன தமிழ்ப் பெண்கள் நாங்களும் இப்படியொரு குழு தொடங்கினோம். எங்கள் அநியாயம் ஒரு தெரு. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு எங்கள் தெருக்களைத் தெரியும். காரை மனதில் வைத்துப் போட்ட ஊர் இது. ஒரு பக்கத்தில் தொடர்மாடி, எதிர்ப்பக்கத்தில் தமிழ்க்கடையும் மருந்துக்கடையும் டொக்டரும். நடுவில் இரண்டு திசைக்கும் மூன்று மூன்று பாதை, திரும்புவதற்கு இன்னொன்று. கடப்பதற்கு வெள்ளை நிறத்தில் ஒரு மனித உருவம் தெரியும். கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சள் கை மின்னத் தொடங்கும், பக்கத்தில் எண்கள் குறைந்துகொண்டே வரும். அந்த எண்கள் யாருடைய காலை வைத்துப் போட்டவை? ஒரு மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது போக்குவரத்துப் பொறியியலில் நெடுங்காலம் புழங்கிவந்த கணக்கு. அமெரிக்காவின் தேசிய வழிகாட்டி 2009இல் இதை ஏறத்தாழ 1.07 மீட்டராகக் குறைத்தது. அகலமான தெரு ஒன்றை 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.2 கணக்குப்படி 21 நொடியில் கடந்துவிடலாம். முழங்கால் தேய்ந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற ஆச்சிக்கு 31 நொடிக்கு மேல் வேண்டும். அந்தப் பத்து நொடியில் அவர் நடுத்தெருவில் நிற்பார், கார்க்காரர் ஹோர்ன் அடிப்பார். ரொறன்ரோவின் வீதிப் பாதுகாப்புத் திட்டம் 2016இல் வந்தபோதே முதியோரைத் தனிக்கவனம் வேண்டியவர்களாகத்தான் சொன்னது. காகிதத்தில் சொன்னது எங்கள் சந்திக்கு வந்துசேரவில்லை.

கடிதம் எழுதிப் பார்த்தோம். மனுவில் கையெழுத்து வாங்கிப் பார்த்தோம். சம்பந்தப்பட்ட இடத்திலிருந்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. அதோடு சரி.

ஸ்காபரோவில் தமிழ் முதியோர் சங்கங்களுக்குக் குறைவில்லை. தேநீர், யோகாசனம், பிறந்தநாள், வருடத்துக்கொரு சுற்றுலா. கோயில்களில் பஜனைக் குழுக்கள் வேறு. அதாவது வயது போன தமிழ்ப் பெண்கள் ஏற்கெனவே வாராவாரம் கூடுகிறார்கள், ஏற்கெனவே பாடுகிறார்கள். புதிதாக ஆள் திரட்டவேண்டிய தேவையே எங்களுக்கு இருக்கவில்லை. பஜனை முடிந்து சுண்டல் சாப்பிடும்போது இந்தக் கதையை எடுத்தேன். முதலில் வந்த பதில், "எனக்குத் தொண்டையே இல்லைப் பிள்ளை, நான் வந்து என்ன செய்யிறது?" என்பது. இரண்டாவது, "மகன் என்ன சொல்லுவானோ தெரியாது." மூன்றாவதாக, எங்களில் மூத்தவர், எண்பதைத் தாண்டிய ரீச்சர், "எந்தச் சந்தி? அந்த மருந்துக்கடைச் சந்தியோ? நான் வாறன்" என்றார். ரீச்சர் வருகிறார் என்றதும் மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. ஊரில் அவரிடம் படித்தவர்களே எங்களுக்குள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

மெட்டில்தான் உண்மையான வாக்குவாதம் வந்தது. எல்லாருக்கும் தெரிந்தது தேவாரம். எந்தப் பண் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ராகம் பிசகாமல் பாடுவார்கள். ஆனால் அந்த மெட்டில் வீதி விளக்கைப் பற்றிப் பாடுவதா? பலருக்கு மனம் ஒப்பவில்லை, எனக்கும் ஒப்பவில்லை. சாமிக்குக் கொடுத்ததைச் சாமியிடமே விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தோம். சினிமா மெட்டு என்றால் ஆளாளுக்கு ஒரு காலம், எண்பது வயதுக்காரருக்குத் தெரிந்தது அறுபது வயதுக்காரருக்குத் தெரியாது. கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று கும்மி. வட்டமாக நின்று கைதட்டினாலே தாளம் வந்துவிடும், வாத்தியம் தேவையில்லை. மற்றது காத்தவராயன் கூத்து மெட்டு. யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு அந்தச் சிந்துநடையைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இரவிரவாகப் பாயில் இருந்து பார்த்தது அறுபது வருடத்துக்குப் பிறகும் வாயில் வருகிறது. தமிழகத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மட்டும் கூத்து மெட்டு புதிது. கும்மியில் அவர்தான் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி.

பாட்டுக் கட்டுவதைச் சேர்ந்து செய்தோம். ஒருவர் ஒரு வரி போட, இன்னொருவர் அதற்கு எதுகை தேட, ரீச்சர் எழுதி எழுதி வெட்டுவார். எங்கள் முதல் கும்மி இப்படி வந்தது:

வெள்ளை உருவம் நடக்குதடி – அது
விறுவிறென் றோடி மறையுதடி
மெள்ள நான் கால்வைத்து ஊருமுன்னே – செம்
மஞ்சள்கை வந்து விரட்டுதடி!

ஏழு வரிசையில் கார்நிற்குது – எங்கள்
ஏலாத காலைத்தான் பார்த்திருக்குது
ஆளுக்குப் பத்து நொடிகொடுத்தால் – உங்கள்
ஆட்சிக்கு என்னதான் தேய்ந்துவிடும்?

கவிதையாக இதைப் படிக்கவேண்டாம். பன்னிரண்டு பெண்கள் கைதட்டிக்கொண்டு இதை உரக்கப் பாடினால் சந்தி முழுவதும் கேட்கும். அதுதான் இதற்கு வேண்டிய தகுதி.

இரண்டாவது பாட்டுக்கு யோசனை சொன்னவர் எங்களுக்குள் மிகவும் அமைதியானவர். பஸ் தரிப்பில் உட்கார்ந்து காத்திருக்கப் போட்டிருந்த வாங்கை யாரோ கழற்றிக்கொண்டு போய், திரும்ப வைக்கவே இல்லை. "வாங்குக்கு ஒப்பாரி வைச்சால் என்ன?" என்று கேட்டார். இரண்டு பேருக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருப்பவர்கள் நடுவே ஒப்பாரி பாடுவது ஆகாது, அதுவும் வீட்டுக்குள் கூடவே கூடாது. அதற்கும் வழி கண்டோம். வீட்டுக்குள் பழகுவதில்லை, கார் தரிப்பிடத்தில் நின்று பழகுவது.

வாங்கே என் வாங்கே, வைகறையில் போனாயோ
தாங்கி எனைச்சுமந்த தங்கமே போனாயோ
பனியில நான்நிற்கப் பலகையே போனாயோ
இனியாரில் நான்குந்த, என்ராசா போனாயோ!

ஊரில் செத்தவீட்டுக்கு ஒப்பாரி சொல்லப் பழகிய தலைமுறை எங்களோடு முடிகிறது. இங்கே பிறந்த பிள்ளைகளின் செத்தவீடுகள் மண்டபத்தில், நேரம் குறித்து, அமைதியாக நடக்கின்றன. ஒப்பாரியின் இழுப்பும், நெஞ்சில் அடிக்கும் தாளமும், கடைசி எழுத்தை நீட்டி மூச்சைப் பிடித்து விடும் விதமும் இந்தப் பெண்களின் உடம்புக்குள் இருக்கின்றன. அதை வெளியே எடுத்துப் பாட ஓர் இடம் கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பாடும்போது இரண்டொருவர் உண்மையாகவே அழுதார்கள். வாங்குக்காக அழவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

செய்முறையாகச் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும். வயது போகப் போகப் பெண்குரல் தாழும். இருபது வயதில் பாடிய சுருதியில் எடுத்தால் மேலே போகும் இடத்தில் எல்லாருக்கும் குரல் உடையும். ஆகவே தாழ்வாகத் தொடங்க ஒருவரை நியமித்து, அவர் எடுத்த பிறகே மற்றவர்கள் சேரவேண்டும். பாட்டை மிகப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தால் பாட்டு போய்விடும். மடக்கு நாற்காலி வேண்டும். கழிப்பறை எங்கே என்று முதலிலேயே பார்த்து வைக்கவேண்டும், இதை வெட்கப்பட்டு விட்டுவிடுகிற குழு அரைமணி நேரத்தில் கலைந்துவிடும். கடைத்தொகுதிக்குள் பாடினால் அது தனியார் இடம், காவலாளி வந்து போகச் சொல்லலாம். வீதியோர நடைபாதை பொது இடம். பாட முடியாதவர்களுக்குப் பதாகை பிடிக்கிற வேலை, துண்டுப் பிரசுரம் கொடுக்கிற வேலை, தேநீர்ப் போத்தல் காவுகிற வேலை இருக்கிறது. ஆனால் தேநீர் வேலை ஒருவருக்கே நிரந்தரமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் இந்த இயக்கம் பிறந்ததற்கே அது ஒரு காரணம்.

யாரைப் பகிடி பண்ணுவது என்பதும் முக்கியம். அதிகாரத்தில் இருப்பவரையும் முடிவையும் பகிடி பண்ணலாம். கவுண்டரில் இருந்து எங்கள் மனுவை வாங்கிய பிள்ளையைப் பகிடி பண்ணக்கூடாது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மம்மா இருப்பார்.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நாட்டார் மெட்டுகளுக்கு உரிமையாளர் இல்லை, ஆகவே கும்மிக்கும் கூத்துக்கும் கவலையில்லை. வேறொருவர் இசையமைத்த பாட்டை எடுத்தால் கதை வேறு. கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் கேலிக்கும் நையாண்டிக்கும் இடம் கொடுத்திருக்கிறது, ஆனால் அது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எங்களுக்குக் கும்மியே போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் விசா. ரேஜிங் கிரானீஸ் கதைகளில் கைதாவது ஒரு பெருமையான பகுதியாக வருகிறது. எங்கள் பெண்களில் எல்லாரும் குடியுரிமை உள்ளவர்கள் இல்லை. பெற்றோருக்கான சுப்பர் விசாவில் வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விசாவில் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம், ஆனால் அது நிரந்தர உரிமை இல்லை. ஒரு வழக்கு வந்தால் இவர்களுக்கு ஏற்படும் இழப்பு, ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்கு ஏற்படும் இழப்பைப் போன்றதில்லை. ஆகவே சட்டத்தை மீறுகிற எதையும் செய்வதில்லை என்று முதல் நாளே எல்லாரும் ஒப்புக்கொண்டோம். பச்சை விளக்கில் மட்டும் கடப்போம், நடைபாதையில் மட்டும் நிற்போம். இதனால் எங்கள் கோபம் குறைந்ததாக எனக்குப் படவில்லை. யார் எவ்வளவு துணியலாம் என்பது அவரவர் கையில் இருக்கிற காகிதத்தைப் பொறுத்தது. அதை மறந்துவிட்டு வீரம் பேசுகிற அமைப்புகளில் எனக்கு நம்பிக்கையில்லை.

வீடுகளில் நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. "அம்மா, உந்த வயசில உதெல்லாம் தேவையோ?" என்று மகன்மார் கேட்டார்கள். "பனிக்குள்ள போய் விழுந்து எழும்பினால் ஆர் பார்க்கிறது?" என்று மகள்மார் கேட்டார்கள். இரண்டும் அன்பால் வந்த கேள்விகள்தான். ஆனால் அந்த அன்புக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. பாடசாலை விட்டு வரும் பேரனை யார் கூட்டிவருவது? இந்த ஊரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் இருவரும் வேலைக்குப் போகமுடிவது வீட்டில் ஒரு அம்மம்மாவோ அப்பம்மாவோ இருப்பதால்தான். அந்த உழைப்புக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் எனக்கு வேண்டும் என்று ஒரு பெண் தன் வீட்டில் சொன்னதே எங்கள் குழு நடத்திய முதல் போராட்டம் என்று நான் நினைக்கிறேன். எல்லா வீட்டிலும் அது வெற்றி பெறவில்லை. நல்ல குரல் உள்ள ஒருவர் இன்றுவரை வரமுடியாமல் இருக்கிறார்.

தெருவில் முதல் தடவை பாடியபோது கண்டாங்கிச் சேலைக்கு மேலே குளிர்கோட்டு, தலையில் பெரிய பூ வைத்த கம்பளித் தொப்பி என்று போய் நின்றோம். தொப்பியைப் பற்றியும் யோசித்தோம். வெள்ளைக்காரப் பாட்டியின் தொப்பி எங்களுக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டார். மல்லிகைச் சரம் வைக்கலாம் என்றால் குளிரில் வாடிவிடும். கடைசியில் பிளாஸ்டிக் கனகாம்பரம் வந்தது. வெள்ளை உருவம் வந்ததும் கும்மியடித்துக்கொண்டு தெருவைக் கடந்தோம். ரீச்சர் வாக்கரோடு நடுவில். அவருடைய வேகத்துக்குத்தான் தாளம். எண்கள் முடிந்தபோது நாங்கள் இன்னும் கடைசிப் பாதையில் இருந்தோம். ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார், ஏச்சு வரப்போகிறது என்று நினைத்தோம். கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு, "ரேக் யுவர் ரைம்", அவசரப்படாமல் போங்கள், என்றார். பஸ்ஸுக்கு நின்ற பிலிப்பினோப் பெண் ஒருவர், ஒரு சொல்லும் விளங்காமலே வந்து கைதட்டினார். பிறகு துண்டுப் பிரசுரத்தை வாசித்துவிட்டு, தன் தாயும் அதே சந்தியில்தான் கடக்கிறார் என்றார். இப்போது அவரும் தாயும் வருகிறார்கள். ஆகவே பாட்டில் இரண்டு வரி ஆங்கிலம், ஒரு வரி அவர்களுடைய மொழியான தகாலொக் சேர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஓர் அதிகாரி வந்தார். ரீச்சரோடு சேர்ந்து நடந்து பார்த்தார், கையில் நேரம் பார்க்கும் கருவி. ஆய்வு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். வாங்கு இன்னும் வரவில்லை.

பாட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2015 ஜூனில் சியாட்டிலில் பாட்டிமாரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த எண்ணெய் மேடை புறப்பட்டுப் போகத்தான் செய்தது. அதே வருடம் செப்ரெம்பரில் ஷெல் நிறுவனம் அந்தக் கடலில் தேடுவதைக் கைவிட்டது. கிணற்றில் எதிர்பார்த்த அளவு எண்ணெய் கிடைக்கவில்லை, செலவும் பெரிது என்பது அவர்கள் சொன்ன காரணம். பாட்டுத்தான் வென்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொலைதூரத்தில் ஒரு கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் முடிந்திருக்கக்கூடிய ஒரு விஷயத்தை ஊர்ப் பேச்சாக்கியதில் அந்த நாற்காலிகளுக்குப் பங்கு உண்டு.

எல்லாவற்றையும் இப்படிப் பாடலாம் என்றும் நான் நினைக்கவில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் இருந்து போராடத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் தொடங்கியது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். எங்கள் குழுவில் ஒருவருடைய அக்கா அந்தக் கொட்டிலில் இருந்தவர். அவர்களைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டலாமா என்று பேச்சு வந்தபோது அவர் வேண்டாம் என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பூத்தொப்பி போட்டுக்கொண்டு அந்த வாசலுக்குப் போகமுடியாது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நாங்கள் கூடுவோம். அன்று கைதட்டில்லை. அவர் விரும்பினால் ஒரு தேவாரம் படிப்பார், நாங்கள் கூட இருப்போம்.

மற்ற நாட்களில் எங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. குளிர்காலத்தில் நூலக அறையில் கூடிப் பாட்டுக் கட்டுகிறோம். நடைபாதையில் குவியும் பனியைப் பற்றி ஒன்று அரைவாசி எழுதியாகிவிட்டது. எதுகை மட்டும் சரியாக வரவில்லை என்று ரீச்சர் பிடிவாதமாக இருக்கிறார். 2026 ஒக்ரோபர் 26ஆம் தேதி மாநகரசபைத் தேர்தல். எங்கள் தொகுதியில் நிற்கிற ஒவ்வொரு வேட்பாளரையும் மருந்துக்கடைச் சந்திக்குக் கூப்பிடப்போகிறோம். கையில் ஒரு வாக்கர் கொடுப்போம், முழங்காலை மடிக்கமுடியாதபடி ஒரு துணியால் கட்டிவிடுவோம், வெள்ளை உருவம் வந்ததும் கடக்கச் சொல்வோம். அவர் கடந்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பக்கத்திலும் நின்று கும்மி பாடுவோம். வர மறுக்கிறவருக்கு ஒப்பாரி தயாராகிக்கொண்டிருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கிற அக்காமார், அன்ரிமார், அம்மம்மாமார் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். தொண்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கைதட்ட வாருங்கள்.